ஃபேன் ஓடாத எட்டு மாதங்கள்

சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால் நான் நசுக்குவதில்லை. மூடியைத் திறந்து வெயிலில் வைத்துவிட்டு, அவை தாமாக இறங்கிப் போகும்வரை காப்பியைச் சர்க்கரை இல்லாமலே குடிப்பேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இந்தப் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து, வண்டி தயாராகும்வரை பொழுது போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு, இதை எழுதியவன் எப்படிப்பட்ட ஆள் என்று முதலிலேயே தெரிந்திருப்பது நல்லது.

இந்தத் தாளை இங்கே ஒட்டச் சொன்னவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். முப்பத்தொரு வருடம் போலீஸில் இருந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். எதையும் எழுத்தில் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

"வாயால சொன்னா காத்தோட போயிடும் மாப்பிள்ளை. எழுதிக் கையெழுத்துப் போட்டு, எந்த இடத்துல ஒருத்தர் பேரைக் கெடுத்தீங்களோ அந்த இடத்துலயே ஒட்டுங்க" என்றார். எனக்கு அறுபத்திரண்டு வயது. தலையில் முடி இல்லை. ஆனாலும் அவருக்கு நான் மாப்பிள்ளைதான்.

நான் கெடுத்தது இந்தப் பட்டறைக்காரரின் பேரை. இவரைக் காதுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தத்தைக் கேட்டே, "பின் சக்கரத்துல பேரிங் போச்சு, உள்ள கொண்டா" என்பார். பானட்டைத் திறப்பது, தான் சொன்னது சரி என்று காட்டுவதற்காக மட்டும். அப்படிப்பட்டவர் போன மாதம் காது டாக்டரிடம் போய்ச் சோதனை செய்துகொண்டார். காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் மனிதர் இன்னும் உடைந்துபோனார். கோளாறு காதில் இல்லை என்றால் மூளையில் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அவர் காதிலும் கோளாறு இல்லை, மூளையிலும் இல்லை. கோளாறு என் சட்டைப் பையில் இருந்தது.

விவரமாகச் சொல்கிறேன்.

மச்சானிடம் இருபத்துநான்கு வயதான வெளிர்நீலக் கார் ஒன்று இருக்கிறது. அந்த நிறத்தைப் பார்த்து எடுத்தது அவருடைய மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. மச்சான் எங்கள் அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறார். அவரைத் தனிமை வாட்டக்கூடாது என்பதற்காக, தினமும் சாயங்காலம் நான் கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். என் மனைவி பிரார்த்தனைக் கூடத்தின் பாட்டுக் குழுவில் இருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி, மீதி நாளில் அந்தப் பயிற்சியைப் பற்றித் தோழிகளோடு போன். வீட்டில் யாருமில்லாத நேரம் எனக்கு ஒன்றும் கஷ்டமாக இருப்பதில்லை. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பேன்.

மச்சானின் மகள் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் இருக்கிறாள். "அப்பா, தனியா இருந்தது போதும், இங்க வந்துடுங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவரும் சம்மதித்தார். ஆனால் அக்கா பார்த்து எடுத்த வண்டியை விட்டுவிட்டு வரமாட்டேன், அதை ஓட்டிக்கொண்டுதான் வருவேன் என்றார். நாள் குறித்தாயிற்று. பெட்டி கட்டியாயிற்று. கிளம்புவதற்கு முதல் நாள் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது, வண்டி நெரிசலில் நின்று ஆவி விட்டது.

இந்த ஒரு முறை வண்டி தானாகத்தான் கெட்டது. இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வண்டியின் முகப்பில் ரேடியேட்டரை ஒட்டி ஒரு மின்சார ஃபேன் இருக்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்காற்றே என்ஜினைக் குளிரவைத்துவிடும். நெரிசலிலும் ஏற்றத்திலும் அந்தக் காற்று கிடைக்காது. சூடு ஏறியதும் சென்சார் அதை ரிலேக்குத் தெரிவிக்கும். ரிலே என்பது தீப்பெட்டியைவிடச் சின்னதான ஒரு கறுப்பு டப்பா. அது 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு மின்சாரத்தைத் திறந்துவிடும், ஃபேன் சுற்றும். அந்த டிக் வரவில்லை என்றால் ஃபேன் சுற்றாது, சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும், மச்சான் கெட்ட வார்த்தை சொல்லுவார்.

மறுநாள் காதுக்காரர் வந்தார். சாவியைத் திருப்பச் சொன்னார். சென்சார் ஒயரைக் கழற்றி இரண்டு முனையையும் ஒட்டவைத்தார். காதை நீட்டினார்.

"டிக்கைக் காணோம் சார். ரிலே செத்துப்போச்சு" என்று சொல்லி, அந்த டப்பாவை உருவி எறிந்துவிட்டுப் புதிது ஒன்றைச் செருகினார். ஃபேன் சுற்றியது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. செத்த ரிலே வாசலில் கிடந்தது. யார் காலிலாவது குத்திவிடுமே என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். நான் செய்ததெல்லாம் இப்படி யாருக்காவது நல்லது நினைத்துத்தான் ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் கேரம் ஆடும்போது மச்சான், "அப்போ நாளைக்குக் கிளம்பிடறேன் மாப்பிள்ளை" என்றார். நான் யோசித்தேன். அறுபத்தெட்டு வயது மனிதர். முந்நூறு கிலோமீட்டர். பழைய வண்டி. இதைத் தடுக்காமல் இருப்பது பாவம் என்று பட்டது. விடிந்ததும் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தேன். கடவுள் வேண்டாம் என்று எதுவும் சொல்லவில்லை.

வண்டியைத் தினமும் துடைப்பது நான்தான், அதனால் சாவி எங்கள் வீட்டு ஆணியிலேயே தொங்கும். மச்சான் குளிக்கப் போன நேரத்தில் பானட்டைத் திறந்தேன். உயிரோடு இருந்த ரிலேயை எடுத்துவிட்டுச் செத்ததைச் செருகினேன். இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. முப்பது வருடம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவன் நான், சின்னச் சாமான்களைக் கழற்றி மாட்டுவது எனக்குப் பழக்கம். அரை மணி நேரத்தில், மேம்பால நெரிசலில் வண்டி நின்றது. மச்சான் தண்ணீர் தேடிப் போனார். அவர் திரும்பி வருவதற்குள், ஊர் எல்லைவரை வழியனுப்பக் கூடவே வந்திருந்த நான் நல்ல ரிலேயை மாற்றிவிட்டேன். அவர் தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினார். ஃபேன் சுற்றியது.

"இது என்னடா கூத்து" என்றார் மச்சான்.

"இதை நம்பி இவ்வளவு தூரம் எப்படி மச்சான்?" என்றேன். வீட்டுக்குத் திரும்பினோம். சாயங்காலம் கேரம் ஆடினோம். நான் தோற்றேன். அன்றைக்குத் தோற்பது நியாயம் என்று பட்டது.

அப்புறம் எட்டு மாதம் இது நடந்தது. ரோட்டில் ஃபேன் சுற்றாது. இந்தப் பட்டறைக்கு வந்தால் சுற்றும். காதுக்காரர் ஃபியூஸை மாற்றினார். சென்சாரை மாற்றினார். ஃபேன் மோட்டாருக்கு நேராக பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துப் பார்த்தார், மோட்டார் புயல் மாதிரி சுற்றியது, ஆனாலும் மாற்றினார். எர்த் ஒயரைச் சுரண்டி முடுக்கினார். ரேடியேட்டரில் காற்று அடைத்திருக்குமோ என்று முழுத் தண்ணீரையும் இறக்கி ஏற்றினார். ரிலேயையும் அடிக்கடி கழற்றிப் பார்ப்பார். அப்போது அங்கே இருப்பது எப்போதும் நல்லதுதான்.

"என் முன்னாடி மட்டும் ஏன் சார் இது இவ்வளவு ஒழுங்கா நடந்துக்குது?" என்று மச்சானிடம் கேட்டார்.

"திருடன் எல்லாருமே ஸ்டேஷன்ல ஒழுங்காத்தான் இருப்பான்" என்றார் மச்சான்.

அவர் இதை ஒரு வழக்காகவே நடத்த ஆரம்பித்திருந்தார். நோட்டுப் புத்தகம் வாங்கினார். சம்பவ இடம், நேரம், முள் எந்த அளவில் இருந்தது, சாட்சிகள் யார் என்று எழுதினார். சந்தேகப் பட்டியலில் எலி, ஈரம், எதிர்வீட்டுப் பூனை, பழைய பகையாளி ஒருவர் என்று பலர் இருந்தார்கள். பூனையை இரண்டு நாள் பின்தொடர்ந்தார். பானட்டுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு ஒயராக அவர் பார்க்கும்போது, பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தது நான்.

"நல்லாப் பிடிங்க மாப்பிள்ளை. நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்" என்பார். அதைக் கேட்க எனக்கு இதமாக இருக்கும். ஒருவருக்கு உதவியாக இருப்பதைவிட வேறு என்ன வேண்டும்?

சில சங்கடங்கள் ஏற்பட்டன, மறைக்க விரும்பவில்லை. ஃபேன் ஓடாதபோது வண்டிக்குள் இருக்கும் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் என்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். கடும் கோடையில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் அப்படித்தான் போனோம். பட்டு உடுத்திய என் மனைவி, கோட்டுப் போட்ட மச்சான், நான், முகத்துக்கு நேராக ஹீட்டர். போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்த என் மனைவி, தண்ணீர் என்று மட்டும் சொன்னாள். மணப்பெண்ணின் அம்மா இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. நல்ல ரிலே என் பையில்தான் இருந்தது. மாற்றியிருக்கலாம். ஆனால் யாரும் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

மச்சானின் பேத்திக்கு ஐந்து வயது. தாத்தாவின் வண்டி நிற்பதற்காக வீட்டு முன்னால் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைந்து வைத்திருக்கிறாளாம். மழை வந்தால் அழிந்துவிடும், மறுபடியும் வரைவாளாம். எட்டு மாதத்தில் எத்தனையோ மழை. பிள்ளைகளுக்கு விடாமுயற்சி வேண்டும் என்று மச்சானிடம் சொன்னேன்.

ஐந்தாம் மாதம் ஒரு சின்ன நெருக்கடி. காதுக்காரர் ஒரு நல்ல யோசனையோடு வந்தார். சென்சார், ரிலே எதையும் நம்ப வேண்டாம், டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து ஃபேனுக்கு நேராகத் தனி லைன் கொடுத்துவிடலாம், வேண்டும்போது சாரே போட்டுக்கொள்ளலாம் என்றார். துளை போடும் மெஷினும் கையில் இருந்தது. யோசனையில் எந்தக் குறையும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"அக்கா தினமும் தன் கையால துடைச்சு வெச்ச டேஷ்போர்டு. அதுல ஓட்டை போடணுமா மச்சான்?" என்றேன்.

மச்சான் டேஷ்போர்டின் மேல் கையை வைத்தார். காதுக்காரர் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். அக்கா அந்த டேஷ்போர்டைத் துடைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. துடைத்திருக்கக்கூடியவர் என்பது உண்மை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, காதுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"பட்டறையை மூடிடலாம்னு இருக்கேன் அண்ணே. ஒரு சின்ன ஃபேன். என்னால கண்டுபிடிக்க முடியலை. இனிமே அடுத்தவங்க உயிரைச் சுமக்கிற வண்டியில எப்படிக் கை வைப்பேன்?" என்றார்.

அவருக்கு டீ கொடுத்தேன். பிஸ்கட்டும் கொடுத்தேன். நான் உங்களுக்காகப் பிரார்த்தனை பண்றேன் என்றேன். பண்ணினேன்.

அன்று சாயங்காலம் மச்சான் நோட்டை மூடிவைத்தார். "ஆளைப் பிடிச்சுட்டேன் மாப்பிள்ளை" என்றார். நான் அடித்த ஸ்ட்ரைக்கர் நேராகக் குழிக்குள் போனது. "வண்டியில கை வைக்கிற ஆள் ஒருத்தன்தான். அந்தக் காதுக்காரன். அவனே கெடுக்கறான், அவனே பாக்கறான். திரும்பத் திரும்ப அவன்கிட்டயே போகணும்ல, அதுக்குத்தான். நாளைக்குப் பிரார்த்தனை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் எழுந்து சொல்லப்போறேன்."

"ரொம்ப நல்ல மனுஷன் மச்சான் அவரு."

"நல்ல மனுஷன் மாதிரி இருக்கறவன்தான் கடைசியில மாட்டுவான். என் அனுபவம்."

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. காதுக்காரர் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். பிரார்த்தனை முடிந்ததும், யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கம்போலக் கேட்டார்கள். மச்சான் நோட்டோடு எழுந்தார். அந்த அம்மாள் இன்னும் காலரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். நானும் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எழுந்த பிறகு பேசாமல் இருக்க முடியாது.

"ஃபேன் ஓடாததுக்குக் காரணம் நான்தான்" என்றேன்.

எல்லோரும் தலைக்கு மேலே பார்த்தார்கள். அங்கே ஆறு ஃபேன்களும் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டுக் குழுவிலிருந்து என் மனைவி, "உக்காருங்க, உங்களுக்கு மயக்கம் வருது" என்றாள். நான் பையிலிருந்து செத்த ரிலேயை எடுத்துக் காட்டினேன். மச்சானுக்கு அது என்னவென்று உடனே புரியவில்லை. காதுக்காரருக்குப் புரிந்தது. கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்து, அதை வாங்கிக் காதோரம் வைத்து ஆட்டினார்.

"இது நான் எட்டு மாசம் முன்னாடி தூக்கிப் போட்டது" என்றார். "இதை மாத்தி மாத்தி வெச்சீங்களா அண்ணே?"

"ஆமாம்."

"நான் வர்றதுக்கு முன்னாடி நல்லதை வெச்சுடுவீங்களா?"

"ஆமாம்."

அடிப்பார் என்று நினைத்தேன், கண்ணாடியைக்கூடக் கழற்றிவிட்டேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ என் காது நல்லாத்தான் இருக்கு" என்றார். மனைவியைத் திரும்பிப் பார்த்து, "ஏய், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று மறுபடியும் சொன்னார். அந்த அம்மாள் அழுதாள். எட்டு மாதம் ஒரு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் கொஞ்சம் தெரிந்தது. பிறகு அந்த மனிதர் எழுந்து, என் கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கிச் சட்டை நுனியால் துடைத்து, தானே என் முகத்தில் மாட்டிவிட்டார். வேறு எதுவும் செய்யவில்லை. அதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

மச்சான் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "முப்பத்தொரு வருஷ சர்வீஸ்" என்றார். "பூனையை எல்லாம் விசாரிச்சேன். டார்ச் பிடிச்சவனை விசாரிக்கலை." காதுக்காரரிடம் போய் எல்லோர் முன்னாலும் இரண்டு கையும் கூப்பினார். தன் வாழ்நாளில் அவர் யாரிடமும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னை உட்காரவைத்து, ஏன் செய்தீர்கள் என்று கேட்டார். உங்கள் பாதுகாப்புக்காக என்றேன். அந்த வயது, அந்தத் தூரம், அந்த வண்டி என்று எடுத்துச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். அப்போது என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"அவர் பண்ணினது அயோக்கியத்தனம், சரி. நான் ஒண்ணு கேக்கறேன் அண்ணா. அந்த ஊருக்கு மணிக்கு ஒரு பஸ் நம்ம தெருமுனையில நின்னு போகுது. வண்டியை அப்புறமா எடுத்துக்கலாம்னு, எட்டு மாசத்துல ஒரு நாளாவது அதுல ஏறினீங்களா?"

மச்சான் பேனாவை மூடினார். "பஸ்ல கால் நீட்ட முடியாதும்மா" என்றார்.

அந்தப் புதன்கிழமை வண்டியில் கிளம்பிப் போனார். ஃபேன் ஒழுங்காக ஓடியதாம். பேத்தி வரைந்த கட்டத்துக்குள் வண்டி சரியாக நின்றதாம். எனக்கு மிகுந்த சந்தோஷம். மூன்று வாரமாகச் சாயங்காலத்தில் இந்தப் பட்டறைக்கு வந்து உட்காருகிறேன். காதுக்காரர் ஒருநாளும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டதில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். இந்தத் தாளையும் இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இதோடு கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் சற்று முன்பு மச்சான் போன் செய்தார். ஹார்ன் திடீரென்று அடிக்கவில்லையாம். அந்த ஊர் மெக்கானிக்குகள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையாம், நீங்க வந்து டார்ச் பிடிச்சாத் தேவலை என்றார். காதுக்காரர் போனை வாங்கி, ஹார்னை அழுத்தச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஒரு டிக்கும் வரலை அண்ணே. ஹார்னுக்கும் ரிலே உண்டு, அது கெட்டிருந்தா அங்கேயே மாத்தியிருப்பாங்க. யாரோ உருவி எடுத்து வெச்சிருக்காங்க. சார் குரல்லயும் கொஞ்சம் இழுவை இருக்கு."

மச்சான் அப்படிப்பட்டவர் அல்ல என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன், கேரம் பலகையைச் சாக்குப்பையில் கட்டியாயிற்று. ஒரு வயதான மனிதர் ஹார்ன் இல்லாமல் வண்டி ஓட்டினால் ரோட்டில் போகிறவர்களுக்கு ஆபத்து, அதனால்தான் போகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.